வால் எங்கே?

அக்டோபர் மாதக் காலை ஒன்றில் முள்மரப் புதர் ஒன்றின் முன்னால் நாற்பது நிமிடம் நின்று, வெளியே வர மறுத்த ஒரு சிறிய பழுப்புக் குருவியை ஒன்பது படங்கள் எடுத்தேன். எட்டில் இலையோ முள்ளோ தெளிவாக இருந்தது, அல்லது எல்லாமே கலங்கியிருந்தது. மிஞ்சிய ஒன்றில் குருவியின் தலையும் அலகும் மார்பும் ஒரு காலும் தெரிந்தன. இடுப்புக்குப் பின்னால் இருந்த அனைத்தையும் ஓர் இலைக்கொத்து மறைத்திருந்தது. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு ஒன்று இருப்பதைக் கண்டவுடனே 'பூட்டட் வார்ப்ளர்' என்று முடிவு கட்டி, அன்றைய பறவைப் பட்டியலுடன் அந்தப் படத்தையும் பதிவேற்றிவிட்டேன். பட்டியல்களைச் சரிபார்க்கும் மூத்த பறவை நோக்கர் ஒருவரிடமிருந்து இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: "வால் எங்கே?"

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இத்தனை சிரமப்பட்டு எடுத்த படத்தில் முகம் முழுவதும் தெரியும்போது வாலைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மனிதரை முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதுபோல் பறவையையும் முகத்தைப் பார்த்தே அடையாளம் காணலாம் என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஊறியிருந்தது. அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று விளங்க எனக்கு இரண்டு குளிர்காலங்கள் தேவைப்பட்டன.

நான் குழம்பிய இரண்டு பறவைகளில் ஒன்று பிளைத் நாணல் கதிர்க்குருவி. மற்றொன்றைப் பறவை நோக்கர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரிலேயே பூட்டட் வார்ப்ளர் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். இரண்டுமே வலசைப் பறவைகள். முன்னது பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி ரஷ்யா வழியாகச் சைபீரியா வரையிலும் கோடையில் கூடு கட்டுகிறது. பின்னது ரஷ்யாவிலிருந்து கஜகஸ்தான் வழியாக மேற்கு மங்கோலியா வரையிலும் கூடு கட்டுகிறது. ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் கதிர்க்குருவிகளில் பல, குளிருக்கு ஆப்பிரிக்காவை நோக்கிப் போகின்றன. இவை இரண்டும் தென்கிழக்கே திரும்பி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வருகின்றன. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் வரத் தொடங்கி, ஏப்ரல், மே வாக்கில் திரும்பிவிடுகின்றன. பிளைத் சுமார் 13 சென்டிமீட்டர் நீளமும் பத்துப் பன்னிரண்டு கிராம் எடையும் கொண்டது. பூட்டட் அதைவிட ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டை, எடையிலும் ஓரிரு கிராம் குறைவு. புதருக்குள் ஓடும் பறவையிடம் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் அளந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பெயர்களும் முதலில் என்னைத் தவறான வழியிலேயே அனுப்பின. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தை 1841 முதல் 1862 வரை பொறுப்பேற்று நடத்திய எட்வர்ட் பிளைத், 1849இல் இந்தப் பறவையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பெயரோடு 'நாணல்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டதால், நான் பல காலைப் பொழுதுகளை நாணல் நிறைந்த நீர்க்கரைகளில் வீணாக்கினேன். உண்மையில் இந்தக் குருவி குளிர்காலத்தை நாணலில் கழிப்பது அரிது. புதர், வேலி, தோட்டம், இலையடர்ந்த சிறு மரம் ஆகியவையே அதன் இடம். பிளைத் வைத்த லத்தீன் பெயரான 'டுமெடோரம்' என்பதற்குப் 'புதர்க்காடுகளுக்கு உரியது' என்று பொருள். பெயரிட்டவர் சரியாகவே சொல்லியிருந்தார். மக்கள் வழங்கும் பெயர்தான் பறவையைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. மற்றொன்றுக்கு 1823இல் ஜெர்மானிய விலங்கியலாளர் லிக்டென்ஸ்டைன் வைத்த 'கலிகாட்டா' என்ற பெயர், ரோமானியப் படைவீரர்கள் அணிந்த 'கலிகா' என்னும் காலணியிலிருந்து வந்தது. சிறு வயதில் குட்டிக் காலணி அணிந்து படைமுகாமில் திரிந்ததால் கலிகுலா என்று அழைக்கப்பட்ட ரோமப் பேரரசனும் இந்தக் குருவியும் பெயரளவில் ஒரே வேரைச் சேர்ந்தவர்கள். வெளிறிய கால்களின் கீழே விரல்கள் மட்டும் சற்றுக் கருத்திருப்பது இந்தக் குருவியிடம் காணக்கூடிய ஒன்றுதான். ஆனால் முள்ளுக்கு நடுவே விரலின் நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்யும் வாய்ப்பு எனக்கு இதுவரை இரண்டு முறைதான் கிடைத்திருக்கிறது.

என்னை மிக அதிகமாக ஏமாற்றியது நிறம்தான். கையேடுகளைத் திறந்தால் பிளைத்தின் முதுகு ஆலிவ் சாயல் கொண்ட மங்கிய பழுப்பு என்றும், பூட்டட்டின் முதுகு பால் கலந்த தேநீரைப் போன்ற பழுப்பு என்றும் இருக்கும். இரண்டும் பொய்யல்ல, பதப்படுத்திய பறவைகளை அருங்காட்சியக மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். புதரில் அப்படி யாரும் வைத்துக் காட்டுவதில்லை. ஒரு நாள் காலை ஏழரை மணி அளவில் ஒரே குருவியை ஒரே கிளையில் அடுத்தடுத்து நான்கு படங்கள் எடுத்தேன். முதல் படத்தில், இலைகளின் வழியே இறங்கிய பச்சை ஒளியில், அது பாசி படிந்ததுபோல் ஆலிவாக இருந்தது. அது அரை அடி நகர்ந்து வெயிலுக்கு வந்த இரண்டாவது படத்தில் மணல் நிறமாகிவிட்டது. மேகம் மறைத்தபோது எடுத்த மூன்றாவதில் சாம்பல் கலந்த பழுப்பு. நான்காவதில் சிவந்த காய்ந்த இலையொன்றின் அருகில் அமர்ந்ததால் வெதுவெதுப்பான செம்பழுப்பு. ஒரு நிமிடத்துக்குள் ஒரே பறவை நான்கு பறவைகளாக மாறியது. அதோடு, புதிதாய் வந்த இளம் பறவையின் சிறகில் சற்றுச் செம்மை இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல இறகின் ஓரங்கள் தேய்ந்து வெளுக்கும். பழுப்பைப் பார்த்துப் பழுப்பைப் பிரிக்க நினைத்ததே நான் செய்த முதல் தவறு. இப்போதெல்லாம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு ஆராயத் தொடங்குகிறேன். நிறம் போய்விட்டால் உருவம் பேச ஆரம்பிக்கிறது.

உருவத்தில் முதலில் பிடிபட்டது நெற்றி. பிளைத் சேர்ந்திருக்கும் பேரினத்தின் பெயர் 'அக்ரோசெபாலஸ்'. கூரிய தலை என்ற பொருளில் வைக்கப்பட்டது. அந்தப் பெயரை உருவாக்கியவர் கிரேக்கச் சொல்லைச் சற்றுத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று மொழியறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் கண்ட பொருள் தவறல்ல. பக்கவாட்டில் பார்த்தால் பிளைத்தின் நீண்ட அலகு, சாய்வான தட்டை நெற்றியோடு ஒரே சரிவாகச் சேர்ந்து போகிறது. முகம் முழுவதும் முன்னோக்கி இழுக்கப்பட்ட ஆப்பு போல் இருக்கிறது. பூட்டட்டின் அலகு குட்டை, மெல்லியது, தலை உருண்டது. அதனால் அதன் முகத்துக்கு ஒரு குழந்தைத்தனமும், பிளைத்தின் முகத்துக்கு எதையோ முகர்ந்துகொண்டு போகும் தோற்றமும் வந்துவிடுகின்றன. இப்படிச் சொல்வது அறிவியல் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் களத்தில் முதல் நொடியில் மனம் பற்றிக்கொள்வது இதைத்தான். அதன் பிறகே அளவுகளும் விகிதங்களும் வருகின்றன.

அடுத்ததாகப் பின்பக்கம். மூத்தவர் கேட்ட கேள்விக்கான விடை இங்கேதான் இருந்தது. பறவையின் வால், உடல் முடியும் இடத்தில் பளிச்சென்று தொடங்குவதில்லை. வாலின் அடிப்பகுதியைக் கீழிருந்து மூடிக்கொண்டு சிறிய மென்மையான இறகுகள் இருக்கின்றன. அவற்றை வாலடி இறகுகள் என்று வைத்துக்கொள்வோம். பிளைத்தில் இந்த வாலடி இறகுகள் நீளமாக இருக்கின்றன. வாலின் நீளத்தில் ஒரு பெரும்பங்கு வரை நீண்டு செல்கின்றன. இதனால் வயிறு எங்கே முடிந்து வால் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியாமல், பின்பக்கம் கனத்து, வால் குட்டையானதுபோல் தோன்றுகிறது. பூட்டட்டில் அவை குட்டை. வயிறு முடிகிறது, ஒரு சிறு போர்வை தெரிகிறது, பிறகு வால் ஒரு தனிக் குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. உண்மையில் வாலின் நீளத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெளியே தெரியும் வாலின் பங்குதான் வேறுபடுகிறது. முகத்தை மட்டும் படம் பிடித்துவிட்டு நான் தவறவிட்டது இதுதான்.

வாலின் நுனியும் உதவுகிறது. பிளைத்தின் வால் விரியும்போது நுனி வளைந்த கோடாக இருக்கும். ஓர இறகுகள் நடு இறகுகளைவிடக் குட்டை. பூட்டட்டின் வால் நுனி ஏறக்குறைய நேராக வெட்டியதுபோல் இருப்பதோடு, ஓர இறகுகளின் விளிம்பிலும் நுனியிலும் மெல்லிய வெண்மை ஓடும். இந்த வெண்மை நல்ல வெளிச்சத்தில் ஒரு மின்னல் போல் தெரிந்து மறையும். தேய்ந்த இறகில் அதுவும் இருக்காது. ஆகவே வெண்மையைக் கண்டால் பூட்டட்டின் பக்கம் சாயலாம். காணாததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

புருவக்கோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் என்னைக் கவிழ்த்ததே அதுதான். பிளைத்துக்கும் புருவக்கோடு உண்டு. அலகின் அடியிலிருந்து கண் வரை அது தெளிவாக, சற்றே தடித்து இருக்கும். கண்ணைத் தாண்டியவுடன் மங்கிவிடும். பூட்டட்டின் கோடு கண்ணைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போகும். அதற்கு மேலே மெல்லிய இருண்ட கோடு ஒன்று ஓடுவதால் புருவம் இன்னும் எடுப்பாகத் தெரியும். எனவே கேட்க வேண்டிய கேள்வி 'புருவம் இருக்கிறதா?' என்பதல்ல, 'கண்ணுக்குப் பின்னால் புருவம் இருக்கிறதா?' என்பதே. என் படத்தில் குருவி முகத்தைச் சற்றே என் பக்கம் திருப்பியிருந்தது. அந்தக் கோணத்தில் கண்ணுக்கு முன்னால் உள்ள தடித்த பகுதி மட்டுமே முழுமையாகத் தெரியும். பின்னால் உள்ளது சுருங்கிவிடும். நான் பார்த்த 'தெளிவான புருவம்' எந்தக் குருவிக்கும் பொருந்தக்கூடியது.

இறகுகளைவிட நடத்தை எளிதில் சிக்குகிறது. பிளைத் புதருக்குள் ஒரு திருடனைப்போல் நகர்கிறது: கிளையோடு கிளையாக ஊர்ந்து, தலையையும் வாலையும் மேலே தூக்கி உடல் நடுவில் வளைந்த வாழைப்பழம்போல் நின்று, பிறகு மறைந்துவிடும். இந்த வாழைப்பழத் தோரணை பறவை நோக்கர்களிடையே பரவலாகச் சொல்லப்படுவது. ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது. தரைக்கு அருகிலுள்ள செடி முதல் மரத்தின் நடு உயரம் வரை எங்கும் இரை தேடும். பூட்டட் அதைவிட ஓய்வற்றது. சிறகையும் வாலையும் அடிக்கடி படபடத்துக்கொண்டு, இலைக்குருவிகளைப்போல் சுறுசுறுப்பாகத் தாவும். வறண்ட முட்புதர், உயரமற்ற களைச்செடி, கருவேல மரங்கள் உள்ள திறந்த வெளி ஆகியவற்றை அது விரும்புகிறது. தரையில் இறங்கித் தத்துவதும் உண்டு. ஆனால் இடத்தை மட்டும் நம்பினால் நிச்சயம் ஏமாறுவோம். ஒரே கருவேல மரத்தில் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். இந்தக் குருவிகளின் விஷயத்தில் காதால் கேட்பது பெரும்பாலும் மெய். பிளைத் குளிர்காலம் முழுவதும் ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டே இருக்கிறது: நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினாற்போல், அல்லது சிறு கூழாங்கற்கள் இரண்டை மோதினாற்போல், 'டக்'. ஒன்றிரண்டு நொடி இடைவெளி. மறுபடியும் 'டக்'. அதில் இசை எதுவும் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை; ஆனால் உறுதி இருக்கிறது. எரிச்சல் வந்தால் இடையிடையே கரகரவென்று ஒரு நீண்ட உருட்டும் சேரும். பூட்டட்டின் ஒலி இதைவிட மெலிந்தது, உலர்ந்தது. உள்ளே லேசாக ஒரு ரகரம் உருண்டு 'ட்ரெக்' என்பதுபோல் ஒலிக்கும். எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரிவதை நான் அறிவேன். இந்த இரண்டு ஒலிகளையும் எழுத்தால் பிரித்துக் காட்ட முடியும் என்று நான் நம்பவில்லை. பிளைத்தின் 'டக்' நூறு முறை காதில் விழுந்த பிறகு, அது அல்லாத ஒன்று ஒலிக்கும்போது தலை தானாகத் திரும்பும். அந்தத் திரும்பலே அடையாளம். என் காதைப் பழக்க நான் செய்தது மிக எளியது: ஒரு குளிர்காலம் முழுவதும், கண்ணில் படாத குருவியாக இருந்தாலும், 'டக்' ஒலி வந்த புதரின் முன்னால் நின்று, ஒலித்தது யார் என்று பார்க்கும் வரை நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதத்தில் ஒரு காலையில் மூன்று புதர்களைத் தாண்டவே முடியவில்லை. தையல்சிட்டும் வேறு கதிர்க்குருவிகளும் என்னை ஏமாற்றின. ஜனவரிக்குள் ஒலியைக் கேட்டவுடன் இருநோக்கியைத் தூக்காமலே குறிப்பெழுதத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் பத்தில் ஒன்றையாவது கண்ணால் சரிபார்க்கும் பழக்கத்தை விடவில்லை.

இந்த வறட்டுச் சொடுக்கை ஒலிக்கும் பறவை, தன் கோடைக்கால இருப்பிடத்தில் இரவில் பாடும் புகழ்பெற்ற பாடகன் என்பதை நான் வெகு தாமதமாகவே அறிந்தேன். பிற பறவைகளின் ஒலிகளைக் கடன் வாங்கி, ஒவ்வொரு துண்டையும் அவசரமில்லாமல் பலமுறை திரும்பச் சொல்லி, நடுவில் தன் வழக்கமான 'டக், டக்' என்னும் ஒலியையும் தாளம்போல் செருகிப் பாடும். வலசை திரும்புவதற்கு முன், மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதே பாட்டின் முணுமுணுப்பைக் குளிர்கால இருப்பிடத்திலும் சில நாட்கள் கேட்க வாய்க்கிறது. அடர்ந்த புதருக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல் மெல்லிய குரலில், எங்கேயோ கேட்ட பல பறவைகளின் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். முதல்முறை அதைக் கேட்டபோது புதருக்குள் நான்கு வகைப் பறவைகள் இருப்பதாக எண்ணிப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு 'டக்' விழுந்தது. நான்கையும் அடித்துவிட்டு ஒன்றை எழுதினேன்.

இவ்வளவு பழகியபின் கை தேர்ந்துவிட்டது என்று நான் நம்பத் தொடங்கியபோது, மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தது. சைக்ஸ் வார்ப்ளர் என்னும் அந்தப் பறவை முன்பு பூட்டட்டின் ஒரு கிளையினமாகவே கருதப்பட்டு, பிறகு தனியினமாகப் பிரிக்கப்பட்டது. பம்பாய்ப் படையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1832இல் அதற்கு வைத்த பெயர் 'ராமா'; நம் இராமனேதான். அதன் அலகு பூட்டட்டினுடையதைவிட நீளம், வால் நீளம், புருவம் மங்கல், நிறம் வெளிறியது. சுருக்கமாகச் சொன்னால், பூட்டட் பிளைத்தை நோக்கிப் பாதி வழி நடந்துவந்து நின்றதுபோல் இருக்கிறது. நெற்றியை நம்பினால் அது பிளைத். வாலடியை நம்பினால் அது பூட்டட். அதன் வாலடி இறகுகள் குட்டையானவை, வால் நுனி நேரானது என்பதைக் கொண்டு பிளைத்தை விலக்கிவிடலாம். ஆனால் பூட்டட்டுக்கும் சைக்ஸுக்கும் இடையே மங்கலான ஒரு படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை. அப்படிப்பட்டவற்றை 'பூட்டட் அல்லது சைக்ஸ்' என்றே பதிகிறேன். அப்படி ஒரு பதிவு போட முன்பெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். பட்டியலின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடுமே என்ற அற்பக் கவலைதான் அதற்குக் காரணம்.

இந்தக் கூச்சத்தைப் போக்கியது ஒரு பழைய கதை. பிரிட்டிஷ் இந்தியாவில் அதிகாரியாகவும் பறவை ஆய்வாளராகவும் இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு பழுப்புக் கதிர்க்குருவியைச் சுட்டுச் சேகரித்தார். அதன் அலகு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததால் தனியினமாக விவரித்தார். ஆனால் உலகில் அந்த ஒரே ஒரு பதப்படுத்திய பறவை மட்டுமே இருந்தது. அதனால் அது வேறு ஏதோ இனத்தின் விலகலான ஒரு பறவையாக இருக்கலாம் என்று பலரும் கருதிவந்தனர். மரபணு ஆய்வு அது தனியினம்தான் என்று 2002இல் காட்டியது. ஆனால் உயிருள்ள பறவை எங்கே என்பது தெரியவில்லை. 2006 மார்ச் மாதத்தில் தாய்லாந்தில், காலில் அடையாள வளையம் மாட்டுவதற்காக வலையில் பிடித்த குருவிகளில் ஒன்றின் அலகும் சிறகும் பிளைத்துக்குப் பொருந்தாததைப் பறவையியலாளர் பிலிப் ரவுண்ட் கவனித்தார். இறகு மாதிரியின் மரபணு, ஹியூமின் குருவியோடு பொருந்தியது. 139 ஆண்டுகளுக்குப் பிறகு பெருஅலகு நாணல் கதிர்க்குருவி இப்படித் திரும்பக் கிடைத்தது. அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது அதன் பின்னர் நடந்தது: இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பில், பிளைத் நாணல் கதிர்க்குருவிகள் என்று பெயரிட்டு இழுப்பறையில் வைத்திருந்தவற்றுள்ளேயே அதே இனத்தின் இன்னொரு பறவை இருந்தது. 2009இல், ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் அது கூடு கட்டி வாழ்வதும் உறுதியானது. நூறு ஆண்டுக்கும் மேலாக நிபுணர்கள் பலர் அந்த இழுப்பறையைத் திறந்திருப்பார்கள். அந்தக் குருவியைக் கையில் எடுத்து, அளந்து, திருப்பி வைத்திருப்பார்கள். அசையாத, வெளிச்சமுள்ள மேசையில் கிடந்த பறவையிலேயே இது நடந்திருக்கிறது. முள்ளுக்குள் மூன்று நொடி தெரிந்த ஒன்றுக்கு 'தெரியவில்லை' என்று எழுதுவதில் அதன்பின் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்த ஆண்டு, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, அந்த அக்டோபர் காலையின் ஒன்பது படங்களையும் மறுபடியும் திறந்தேன். மூத்தவரின் கேள்விக்கு நான் அப்போது எந்தப் பதிலும் எழுதவில்லை. பதிவை அப்படியே விட்டிருந்தேன். முகம் தெரிந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். அலகு நீளம், நெற்றி சாய்வு. அப்போதே தெரிந்திருக்க வேண்டியது. ஆனால் கண்ணுக்குப் பின்னால் புருவம் எப்படி என்பதை அந்தக் கோணத்தில் சொல்ல முடியவில்லை. பிறகு, கலங்கல் என்று ஒதுக்கிய மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஏழில் எதுவும் இல்லை. கடைசிப் படம் குருவி புதரை விட்டுப் பறந்த நொடியில் எடுத்தது. தலை ஒரு பழுப்புக் கறையாகக் கரைந்திருந்தது. சிறகுகள் இரண்டும் பேயுருவாகத் தெரிந்தன. ஆனால் பறவை திரும்புவதற்காக வாலை விரித்திருந்தது. வளைந்த நுனி. ஓரத்தில் வெண்மையைத் தேடினேன், இல்லை. கலங்கலில் வெண்மை தொலைந்திருக்கலாம் என்று எனக்கே எதிர்வாதம் செய்துகொண்டு, வாலின் அடியைப் பார்த்தேன். வெளிறிய வாலடி இறகுகள் வாலின் பாதியையும் தாண்டி நீண்டிருந்தன.

அன்று மாலையே பட்டியலைத் திருத்தி, பூட்டட்டை நீக்கிவிட்டு, பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று மாற்றினேன். முகம் தெரியாத அந்தப் படத்தையும் சேர்த்துப் பதிவேற்றி, மூத்தவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "வால் ஒன்பதாவது படத்தில் இருக்கிறது."